பிரசவ வார்டுக்குள் ஆண்களுக்கு அனுமதியில்லை

அத்தை,

காலையில் பால் பவுடர் டப்பாவைத் திறந்தேன். அந்த இனிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம். உங்களுக்கு அந்த வாசனையே ஆகாது. நீங்கள் எங்களை விட்டுப் போய் இன்னும் வருடம் திரும்பவில்லை, அதற்குள் டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. உங்கள் மகள் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மூத்தவள் பிறந்தபோதும் இதே தர்மபுரி ஆஸ்பத்திரிதான், இதே ஆபரேஷன்தான். பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். நான் வெந்நீர் பிளாஸ்க்கோடு கதவோரம் நின்றிருந்தேன். உள்ளே நர்ஸ், பவுடர் பால் கொடுத்துவிடலாம் என்றார். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. "கொஞ்சம் பொறுங்க சிஸ்டர். பால் இருக்குதுங்க, புள்ளைக்குப் பழகோணும், அவ்ளோதான்" என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. வெளியே வந்து, "என்ன மாப்ளே, நீங்க பெத்தாப்புல வேர்த்து நிக்கறீங்க?" என்று என்னைக் கேலி செய்தீர்கள்.

இந்த முறை பையன். என் அம்மா நடக்க முடியாமல் காரிமங்கலத்து வீட்டில். ஆஸ்பத்திரியில் துணைக்கு நான் மட்டும்தான். துணை என்றால் கதவு வரைக்கும். உள்ளேயிருந்து அவள் போன் செய்தாள். "என்னங்க, பவுடர் பால் வேண்டாம்னு சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. நான் பேசப் போனா அழுதுடறேன்." பக்கத்திலேயே நிற்கிற நர்ஸிடம் சொல்ல, வெளியே நிற்கிற என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது அவளுக்கு.

நர்ஸ் கதவருகே வந்தார். நல்ல மனுஷி. நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். "நாங்களும் தாய்ப்பால்தாங்க குடுக்கச் சொல்றோம். தையல் போட்டிருக்கு, அவங்களால எந்திரிச்சு உக்கார முடியல. புள்ளைய ஒருத்தர் மாரோட சேத்துப் புடிச்சுக்கிட்டே இருக்கோணும். நான் ஒருத்தி இத்தன கட்டிலப் பாக்கறேன். உங்க வூட்ல பொம்பளைங்க யாரும் வரலைங்களா?"

"நான் வரட்டுங்களா?" என்றேன்.

"மத்தவங்களும் பால் குடுத்துட்டு இருக்காங்க. எப்படிங்க விடறது?"

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. யாரிடமாவது சண்டை போட முடிந்திருந்தால் தேவலை. அவள் கேட்டதை ஒருவரும் மறுக்கவில்லை, செய்யத்தான் ஆள் இல்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணை வந்த அம்மா இரண்டு தடவை குழந்தையைப் பிடித்துப் பார்த்தாராம். அவருக்கும் தன் மகளைப் பார்க்க வேண்டுமே. சாயங்காலம், குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடும் என்று பாலாடையில் பவுடர் பாலை ஊட்டினார்கள். போனில் அதைச் சொன்னவள் வைக்கவே இல்லை. நானும் காதில் வைத்தபடியே நின்றேன்.

இப்போது வீட்டில் என்னைத் தடுக்க யாரும் இல்லை. குழந்தையைத் தூக்கி அவள் மாரோடு வைக்கிறேன். அவன் தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துகிறான். "அம்மா எப்படிப் புடிச்சாங்கன்னு ஞாபகமே இல்லீங்க. அன்னைக்கு நான் அரை மயக்கத்துல இருந்தேன்" என்று அழுகிறாள். நானோ வெளியே இருந்தேன். உங்கள் குரல் அப்படியே என் காதில் இருக்கிறது, அத்தை. நீங்கள் சொன்னதையேதான் நானும் சொல்லிக்கொண்டு அவனைப் பிடிக்கிறேன். கையை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் தெரியவில்லை.