முப்பது குதிரை

மட்டாஞ்சேரி,
ஜூலை 1979

தூத்துக்குடியில் இருக்கும் முதலாளி வீரபாண்டி அவர்களுக்கு வணக்கம்.

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். பௌதிகம் படித்த என்னை உங்கள் மிளகுக் கிடங்கில் எழுத்து வேலையிலேயே வைத்துவிட்டு, உங்கள் மைத்துனர் மகன் சுப்புராஜை மேனேஜர் ஆக்கியபோதும் நான் பேசவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இந்தக் கடிதம் நம் விசைப்படகின் புது எஞ்சினைப் பற்றியது.

பழைய எஞ்சினும் முப்பது குதிரைசக்தி, புதியதும் முப்பது. தகட்டில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் நீங்களும் சம்மதித்திருப்பீர்கள். அதற்குக் கீழே இருந்த எண்ணை யாரும் பார்க்கவில்லை. பழையது தன் முப்பது குதிரையை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் கொடுத்தது. புதியது மூவாயிரம் சுற்றில்தான் கொடுக்கும். குதிரைசக்தி என்பது அச்சைத் திருகும் பலத்தையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கி வருவது. வேகம் மூன்று மடங்கு என்றால், அதே சக்திக்குத் திருகும் பலம் மூன்றில் ஒரு பங்குதான்.

கிடங்குக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒருவன் முழு மூட்டையை நிதானமாகத் தூக்குகிறான். இன்னொருவன் அதில் மூன்றில் ஒரு பங்கை மூன்று மடங்கு வேகத்தில் கொண்டுபோகிறான். மாலையில் இருவர் அடுக்கியதும் ஒரே அளவுதான். அந்த இரண்டாமவன் தலையில் முழு மூட்டையை வைத்து ஓடச் சொன்னால்? ஓடவும் மாட்டான், தூக்கவும் மாட்டான். நம் படகில் நடந்திருப்பது அதுதான். பழைய பெரிய புரொப்பல்லரை அப்படியே புது எஞ்சினில் நேராக மாட்டிவிட்டார்கள். பாரம் ஏறியதும் எஞ்சின் திணறி, மூவாயிரம் சுற்றை எட்டுவதே இல்லை. எட்டாதவரை முப்பது குதிரையும் தகட்டில் மட்டும்தான்.

நடுவில் ஒரு கியர் பெட்டி இருந்தால் வேகம் குறைந்து பலம் கூடும். அது எஞ்சினோடு வந்தது. மரப்பெட்டியில் இறங்கியதை நான் பார்த்தேன். இப்போது கிடங்கில் இல்லை. கேட்டதற்குச் சுப்புராஜ், "அது ஸ்பேர் அண்ணாச்சி. குதிரை வேகமா ஓடுனா உங்களுக்கு எங்க வலிக்குது?" என்றார். தோப்பும்படியில் அவருடைய மச்சான் ஒரு மீன்பிடிப் படகு கட்டுகிறார். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் போனேன். தார்ப்பாயைத் தூக்க விடவில்லை.

வெள்ளோட்டம் விட்ட நேரமும் எனக்குச் சந்தேகம்தான். தேங்காய் உடைத்து, மாலை போட்டு, காயலில் கடல் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் தண்ணீர் அசையாது நின்ற வேளையில், பின்னால் சரக்கு வள்ளம் எதுவும் கட்டாமல் ஓட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வேளையைத் தேர்ந்தெடுத்தவர் சுப்புராஜ்.

சென்ற வாரம் மிளகு ஏற்றிய வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு டிரைவர் ராஜப்பன் கப்பலுக்குப் புறப்பட்டான். மழைவெள்ளத்தோடு சேர்ந்த இறக்கம், படகைக் காயல் கடலில் சேரும் அழிமுகம் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கரையோரச் சீனவலைகளின் மரக்கால்களில் மோதும் முன் வேறு படகுக்காரர்கள் கயிறு வீசினார்கள். கரைக்கு வந்தவன் என்னிடம், "எஞ்சின் கிடந்து அலறுது சேட்டா, வள்ளம் ஒரு சாண் நகரலை" என்றான். சுப்புராஜோ, "காலையிலேயே கள்ளு குடிச்சா காயலே சுத்தத்தான் செய்யும்" என்று சுமைக்காரர்கள் முன்னால் சிரித்தார். ராஜப்பன் குடிப்பதில்லை. நான் கணக்கைச் சொன்னேன். "அண்ணாச்சி பேப்பர்லயே படகு ஓட்டிருவாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வரும் அமாவாசையன்று அடுத்த கப்பல் வருகிறது. அன்றைய இறக்கம் எவ்வளவு பலமாக இருக்கும் என்று கடற்கரைக்காரரான உங்களுக்குத் தெரியும். அன்று இரண்டு வள்ளங்களைக் கட்டி, சுமைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்று ராஜப்பனுக்கு உத்தரவு. மறுத்தால் வேலை இல்லை. மறுத்துவிடு என்றேன். "நான் போகாட்டா வேற ஒருத்தனை விடுவாங்க. அவனுக்கு இந்த எஞ்சின் கூடத் தெரியாது" என்றான்.

தூத்துக்குடியில் எந்தப் படகு மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் இந்த இரண்டு எண்களையும் சொல்லிக் கேளுங்கள். கேட்டதும் ஒரு தந்தி அடியுங்கள்: கியர் பெட்டி மாட்டும்வரை படகு கரையில் நிற்கட்டும். பெட்டி எங்கே போனது என்பதை அப்புறம் விசாரிக்கலாம், விசாரிக்காமலும் விடலாம். உங்கள் குடும்பம், உங்கள் இஷ்டம்.

இதை எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டிருக்கும். கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். போட்டால், நாற்காலி கிடைக்காதவனின் வயிற்றெரிச்சல் என்று அந்தப் பெயரைப் பார்த்தே மடித்து வைத்துவிடுவீர்கள். அதில் பாதி உண்மையும்கூட. பெயர் இல்லாவிட்டால், ஆளை நீங்கள் ஊகித்தாலும், உங்கள் கையில் சரிபார்க்கக் கணக்கு மட்டும்தான் இருக்கும். அதனால் இப்படியே ஒட்டித் தபாலில் போடுகிறேன்.