எண்ணெய் இறங்கும் இடம்

என் அன்பு மச்சான் சூசைக்கு,

எழுத்து ஏறி இறங்கிப் போவதைப் பார்த்துச் சிரிக்காதே. நாற்பது வருடம் வெல்டிங் பிடித்த கை இது. பேனாவை அழுத்தினால் தாள் கிழிகிறது, லேசாகப் பிடித்தால் நழுவுகிறது. ஒரு வரி முடிவதற்குள் காபி ஆறிப்போகிறது. பொறுத்துப் படி.

ஆமாம் மச்சான், நானேதான் எழுதுகிறேன். நீ போன பிறகு மாதா கோயில் பக்கத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது ஓசூர் பஸ் நிலையத்தில் யாரையும் கேட்காமல் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறுகிறேன். வழியில் வரும் பலகைகளை எல்லாம் சத்தமாகப் படிக்கிறேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் வேறு சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். "பிடித்தவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், வகுப்புப் பலகையில் ஒட்டுகிறேன்" என்றார் டீச்சர். மற்றவர்களிடம் நேரிலேயே பேசிக்கொள்ளலாம். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நல்ல சேதி மட்டும் சொல்லத்தான் ஆசை. ஆனால் முதலில் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். உன் ஜீப்பைப் பற்றியது.

உனக்குத் தெரிந்ததுதான், பலகையில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். உன் மகள் ஜெசிந்தா அந்தப் பழைய டீசல் ஜீப்பில் நாட்றாம்பாளையத்திலிருந்து தக்காளியும் புளியும் ஏற்றி வருகிறாள். மேட்டில் அது மூச்சு வாங்கும். பின்னால் வரும் பஸ்காரன் ஹாரனை விடவே மாட்டான். புது வண்டி வாங்க வழியில்லை. அதனால்தான் நீ டர்போ வைக்கலாம் என்றாய். எஞ்சின் விடும் புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரம் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். உடைந்த வேன் ஒன்றிலிருந்து பழைய இரும்புக் கடையில் நீ பொறுக்கி வந்த டர்போ அது. நீயே பிரித்து, கழுவி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் புது சீல் போட்டாய். லேத்தில் நீ வளையங்கள் கடைந்து தந்தாய், நான் குழாய்களைப் பற்றவைத்தேன். கடையில் வாங்கியது என்று பார்த்தால் சீலும் போல்ட்டும்தான். வண்டியில் பூட்டுவதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய்.

ஒரு வருடம் அதெல்லாம் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. போன மாதம் ஜெசிந்தா சாக்கை இழுத்து என் முன்னால் போட்டாள். "மாமா, அப்பா செஞ்சது வீணாப் போவக் கூடாது. பூட்டிடலாம்" என்றாள்.

உன் மருமகன் மஞ்சுநாத்துக்கு மனமே இல்லை. "பேடா மாமா, பேடா" என்று கன்னடத்திலேயே வேண்டாமெனத் தலையை ஆட்டினான். "இது கம்பெனில செய்ற வேலை. வீட்டு வாசல்ல செஞ்சா ஆவுமா? ஒரே ஒரு தடவை பாருங்க. ஆவலேன்னா வண்டியையே இரும்புக்காரருக்குக் குடுத்துடறேன். அவ மலையில பாரத்தோட நின்னுபோனா நான் எங்க போய்த் தேடறது?" அவன் பயமும் நியாயம்தானே?

பூட்டும் வேலை சிப்காட் பின்னால் இருக்கும் உங்கள் வாசலிலேயே நடந்தது. திறந்திருக்கும் ஓட்டைகளில் தூசி விழாமல் காகித டேப் ஒட்டி மூடுவோமே, அதுதான் என் வேலை. முன்பெல்லாம் அடையாளத்துக்கு உளியால் புள்ளி வைப்பேன். ஒரு புள்ளி என்றால் உள்ளே போவது, இரண்டு என்றால் வெளியே வருவது. இந்தத் தடவை புள்ளி வைப்பேனா? எழுதத் தெரிந்தவன் ஆயிற்றே! ஒவ்வொரு டேப்பின் மேலும் பெயர் எழுதினேன். "காற்று வரும் வாய்." "புகை போகும் வாய்." டர்போவின் அடியில், எண்ணெய் கீழே வடிந்து எஞ்சினுக்குத் திரும்பும் ஓட்டையில் "எண்ணெய் இறங்கும் இடம்" என்று எழுதினேன். முதல் தடவை கோணலாக வந்தது. அதன் மேலேயே இன்னொரு டேப் ஒட்டி எழுதினேன். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவது டேப்பில் எழுத்து முத்து முத்தாக வந்தது, மச்சான்.

குழாய் பூட்டும் நேரத்தில் மற்ற டேப்புகளை உரித்துவிட்டேன். இதை மட்டும் ஜெசிந்தா பார்த்த பிறகு உரிக்கலாம் என்று விட்டேன். அவள் போல்ட் வாங்கப் போயிருந்தாள். வந்ததும் வராததுமாக வேறு பேச்சு. நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையால் தடவித் தடவியே வடிகுழாயைப் பூட்டி முடித்தேன். டேப் உள்ளேயே இருந்துவிட்டது. அப்போது எனக்கு அது நினைவிலேயே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஜெசிந்தா சாவியைத் திருப்பினாள். முதலில் நன்றாகத்தான் ஓடியது. டர்போ மெல்ல விசில் அடித்தது. நான் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அடுத்த நிமிடம் பின்னால் வெள்ளைப் புகை, பிறகு நீலப் புகை. ஜெசிந்தா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். எஞ்சின் சத்தம் குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது.

"மாமா, நிக்க மாட்டேங்குது!" டீசலை அடைத்து நிறுத்தும் கம்பியை இழுத்தாள். கேட்கவில்லை. போக வழியில்லாத எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு காற்றுக் குழாய்க்குள் இறங்கி, எஞ்சின் அந்த எண்ணெயையே குடித்து ஓடிக்கொண்டிருந்தது. வண்டி முழுவதும் ஆடியது. மஞ்சுநாத் "ஜெசி, எறங்கு! எறங்குடீ!" என்று கதவைப் பிடித்து இழுத்தான். அவள் இறங்கவில்லை.

எஞ்சின் வெடித்தால் முதலில் யார் மேல் தெறிக்கும்? எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நான் உட்கார்ந்து வேலை செய்யும் மணைக்கட்டையை எடுத்து, காற்று இழுக்கும் வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். மச்சான், அது கட்டையோடு என்னையும் சேர்த்து இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு குலுக்கு குலுக்கி எஞ்சின் செத்தது.

தெருவே புகைக்குள் நின்றது. யாருக்கும் அடி இல்லை. முதலில் வாய் திறந்தது மஞ்சுநாத்தான். மாமனாரான உன்னை அவன் மாவா என்றுதானே சொல்வான். "மாவா போட்ட சீல் போச்சு மாமா. அவரைக் குத்தம் சொல்லல. வயசான கை."

ஜெசிந்தா வண்டியை விட்டு இறங்கி மூஞ்சியைத் துடைத்துக்கொண்டாள். "கடைசி மாசம் அப்பாவுக்குக் கை நடுங்குச்சு. நான் பாத்தேன். சொன்னா வருத்தப்படுவார்னு சொல்லல. இரும்புக்காரரை வரச் சொல்லுங்க."

அந்த வார்த்தை என்னைக் குடைந்தது. உன் கை நடுங்கியதா? எனக்குத் தெரியாமலா?

மறுநாள் மதியம் டர்போவைக் கழற்றித் தரும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வடிகுழாயின் போல்ட்டைத் திருகியதும் கறுப்பு எண்ணெய் கொட்டியது. பிறகு பார்த்தேன். ஓட்டையை அடைத்துக்கொண்டு மூன்று அடுக்கு டேப். ஒரு ஓரம் மட்டும் கிழிந்திருந்தது. எழுத்து அழியவே இல்லை.

பக்கத்தில் யாரும் இல்லை. அதை உருட்டிச் சட்டைப் பையில் போட்டேன். ஆம், போட்டேன். சொன்னால் என்ன ஆகும்? கிழவன் எழுதப் படிக்கக் கற்று எஞ்சினை வெடிக்க வைக்கப் பார்த்தான் என்று ஓசூர் முழுக்கச் சிரிக்கும். அதையாவது தாங்கலாம். ஜெசிந்தா இனி ஒரு ஸ்பேனரைக்கூட என் கையில் தர மாட்டாளே? சொல்லாவிட்டால் ஜீப் போய்விடும். அதோடு, உன் கை நடுங்கியது என்பதே உன் கடைசி வேலையின் பெயராகிவிடும்.

இரும்புக்காரர் மினி லாரியோடு வந்துவிட்டார். ஜீப்பைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். மஞ்சுநாத் கயிறு கட்டக் குனிந்தான்.

"நிறுத்து மஞ்சு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். டேப்பை எடுத்து ஜெசிந்தாவின் உள்ளங்கையில் வைத்தேன். "உங்கப்பன் தப்பு இல்லம்மா. நான் ஒட்டினது. எடுக்க மறந்துட்டேன்."

அவள் அதைப் பிரித்து, எண்ணெயைத் துடைத்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள். "எண்ணெய் இறங்கும் இடம்."

"எறங்கும் இடம்னு எழுதி அதும் மேலயே ஒட்டிட்டா, எண்ணெய் எங்க மாமா எறங்கும்?" என்றாள். அவள் கோபமாக இருக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

இரும்புக்காரர் எட்டிப் பார்த்து, "கையெழுத்து நல்லாத்தான் இருக்குது பெரியவரே. அடுத்த வாட்டி வெளிப்பக்கமா ஒட்டுங்க" என்றார். மஞ்சுநாத் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப சீல் நல்லா இருக்கா?" என்று கேட்டான். அவ்வளவு எண்ணெய் தள்ளியதில் சீல் கிழிந்தும் போயிருக்கலாமே. இரும்புக்காரர் லாரியைத் திருப்பவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

குழாய்களைக் கழுவித் துடைத்தோம். வடிகுழாயைப் பூட்டும் முன் ஜெசிந்தாவே அதன் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். எண்ணெய் மாற்றிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். மணைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நான் எஞ்சின் பக்கத்தில் நின்றேன்.

ஓடியது. பழைய எண்ணெய் எரிகிறவரை புகை வந்தது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். நூறைத் தாண்டி எங்கேயோ எண்ணிக்கை விட்டுப்போனபோது புகை மெலிந்து நின்றது. ஜெசிந்தா மிதித்தாள், விசில் ஏறியது. காலை எடுத்தாள், இறங்கியது. கம்பியை இழுத்தாள், உடனே நின்றது. மஞ்சுநாத் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தான். துணியில் எண்ணெய் இல்லை.

அவன் அந்தத் துணியைக் கொண்டுபோய் ஜெசிந்தாவிடம் காட்டினான். "மாவா கை நடுங்கல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இரும்புக்காரர் வெறும் லாரியை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை முழுப் பாரத்தோடு மலை ஏறப் போகிறோம். நான் முன் சீட்டில் உட்காருவேன் என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டேன். "ஸ்பேனர் உங்க கையில, பேனா என் கையில" என்று சொல்லியிருக்கிறாள். வண்டி ஏறினாலும் நின்றாலும், தப்பு யாருடையது என்பதையும் மறைக்காமல், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் உட்கார்ந்து உனக்கு எழுதிவிடுவேன். இது உன் மேல் சத்தியம்.

உன் மச்சான்,
முனுசாமி