இரண்டு பேருக்கு மட்டும் ஒரு கூடாரம்

அக்கா,

நேற்று சாயங்காலம் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் தீர்ந்துவிட்டதே என்று புதுப் பாக்கெட் ஒன்றை வெட்டினேன். எலுமிச்சை வாசனை. அவ்வளவுதான், நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்கள். பட்டுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, பவுடர் பூசிக் கல்யாணத்துக்கு வந்தாலும் பத்து நிமிடத்தில் உங்கள் மேல் இந்த வாசனைதான் வரும். குழாயை மூடிவிட்டு அங்கேயே கொஞ்சம் அழுதேன். இந்த மடலை எழுதி முடித்த பிறகுதான் பெட்டி கட்டப் போகிறேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே குடும்பத்துக்கு வந்த மருமகள்கள் நாம். நீங்கள் மூத்தவர், நான் இளையவள். ரப்பர் தோட்டத்தை அழித்துச் செம்பனை மரம் போட்டபோது குடும்பம் சுங்காய் டவுனுக்கு வந்தது. நீங்கள் அந்த வீட்டோடு இருந்துவிட்டீர்கள். நான் ஈப்போவுக்கு வந்து ஒரு பல் கிளினிக்கில் பெயர் பதிந்து கூப்பிடும் வேலையில் சேர்ந்தேன். வீடு வேறாக இருந்தாலும் நாம் சந்தித்துக்கொண்ட இடம் எப்போதும் ஒன்றுதான், குழாயடி. காதுகுத்து, பரிசம், வளைகாப்பு, கருமாதி, எதுவானாலும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசியவர்கள் வேறு ஆட்கள். பின்னால் குனிந்து நின்று அண்டா தேய்த்தவர்கள் நாம் இருவர். இருபத்து நான்கு வருடச் சிநேகத்தில் முக்கால்வாசி எச்சில் தட்டுகளுக்கு மேலேதான் வளர்ந்தது.

லுமுட் கடற்கரைக்குப் போன கதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். ஒரே ஒரு நாள், நாம் இருவர் மட்டும், காலையில் போய் மாலையில் திரும்புவது என்று பேசி வைத்திருந்தோம். நீங்கள் மரியாதைக்கு உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்கள். அத்தானுக்குத் தாராள மனசு. தம்பியைக் கூப்பிட்டார், சித்தப்பா மக்களைக் கூப்பிட்டார், அவர்கள் சம்பந்தி வீட்டைக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் இருபத்தாறு பேர், ஒரு வாடகை பஸ். அவ்வளவு தூரம் போகிறோமே, வெறுங்கையோடு வரலாமா என்று போகும் வழியில் ஒரு கோயிலும் சேர்ந்துகொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

அன்று விடியற்காலை எழுந்து புளிச்சோறு கிண்டியதும் நாம். நெத்திலிச் சம்பல் வதக்கியதும் நாம். கடற்கரையில் அடுப்பைப் பற்றவைத்து எல்லாருக்கும் கோழி பொரித்துக் கொடுத்ததும் நாம். பொதுக் குழாயில் கடைசிச் சட்டியைக் கழுவி நிமிர்ந்தபோது பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டார். முப்பது அடியில் கடல். கால் நனைக்காமல் ஏறினோம். பஸ்ஸில் நீங்கள் என் காதில் சொன்னது நினைவிருக்கிறதா? “கேட்டா கூட்டம் சேந்துரும்டி. அடுத்த வாட்டி கேக்கக் கூடாது. சொல்லிட்டுக் கெளம்பிறணும்.”

அடுத்த வாட்டிக்கான திட்டம் ஒரு கருமாதி வீட்டில் பிறந்தது. காம்பாரில், பெரியப்பா மகன் காரியத்தன்று. இறந்தவருக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். கோப்பெங் மலைப்பக்கம், ஆற்றோரம், வெள்ளைத் துணியில் பெரிய கூடாரம். உள்ளே மெத்தைக் கட்டில், விளக்கு, விரிப்பு. கிளாம்பிங் என்கிறார்கள், சொகுசாகக் காட்டில் படுப்பது என்று நான் விளக்கப் போனேன். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. “கேமாக்குள்ள ஏர்கோன் வச்சிருக்கான்லா,” என்று அந்தக் கூடாரத்தைக் காட்டி ரகசியமாகச் சொன்னீர்கள். ரப்பர் பால்மரக் காட்டில் கொசுக்கடி பட்டே வளர்ந்தவர் நீங்கள். சின்ன வயதில் எந்தக் காட்டை விட்டு ஓடினோமோ அதிலேயே போய்ப் படுக்க இப்படி ஆசைப்படுகிறோமே என்று நான் கிண்டல் செய்ததற்கு, காடு மேல் தனக்கு ஒரு கோபமும் இல்லை என்றீர்கள்.

அன்றைக்கே அந்த இடத்துக்குப் போன் போட்டீர்கள். படையல் மணிச்சத்தம் கேட்காமல் இருக்க என்னைக் கதவைச் சாத்தச் சொன்னீர்கள். மலாய்க்காரப் பையன் ஒருவன் எடுத்தான். குளியலறை உள்ளே இருக்கிறதா, பாம்பு வருமா என்றெல்லாம் நீங்கள் கேட்கவில்லை. சமைப்பது யார் என்று கேட்டீர்கள். நாங்கள்தான் என்றான். தட்டை யார் கழுவுவது என்று கேட்டீர்கள். அதுவும் நாங்கள்தான், மாக்சிக் என்று மலாயில் அத்தை முறை வைத்துச் சொன்னான். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டீர்கள். அவன் சிரித்தான். உங்கள் முகத்தில் சிரிப்பே இல்லை. ஏதோ சர்க்கார் உத்தரவை வாங்கிக்கொள்கிற மாதிரி, சரி, சரி என்று தலையாட்டிவிட்டு வைத்தீர்கள்.

பிறகு திட்டம் வளர்ந்தது. முதல் நாள் மலை. இரண்டாம் நாள் பத்து காஜா ஊர்க் கோட்டை. அந்த முடிக்காமல் விட்ட பழைய மாளிகைக்கு நீங்கள் முன்பே போனவர்தான். உங்கள் மகனுக்கும் ஷாமினிக்கும் கல்யாணப் படம் எடுக்க அங்கே கூட்டிப்போனார்கள். அவர்கள் மாடி மாடியாக ஏறி நின்று படம் எடுத்த மூன்று மணி நேரமும் நீங்கள் கீழே மரத்தடியில் மேக்கப் பெட்டிக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களுக்கும் காவல். மருமகள் பார்த்த ஜன்னலில் தானும் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். அங்கிருந்து தெலுக் இந்தான் வழியாக ஹுத்தான் மெலிந்தாங்கில் யாரோ சமைத்த நண்டைச் சாப்பிட்டுவிட்டு, பாகான் டத்தோ கடல். மலை, கோட்டை, கடல், மூன்றும் நம் பேராக் மாநிலத்திலேயே இருக்க, ஐம்பது வயது வரைக்கும் எதையும் பார்க்காமல் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நீங்கள் கேட்டபோது இரண்டு பேர் கையிலும் தேங்காய் நார் இருந்தது.

தேதி மட்டும் அமையவில்லை. நம் குடும்பத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? துக்கம் நடந்த வீட்டார் வருஷத் திதி முடியும்வரை மலை ஏறக் கூடாது. பெரியப்பா மகனுக்கு வருஷம் முடியட்டும் என்று காத்திருந்தோம். அது முடிய ஒரு மாதம் இருக்கையில் சின்ன அத்தை போனார். அவருக்கு முடிவதற்குள் மாமியார். இவ்வளவு பெரிய குடும்பத்தில் வருஷம் எங்கே முடிகிறது? ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பையனுக்குப் போன் போட்டு, தள்ளி வை தம்பி என்று சொன்னவர் நீங்கள்தான். மாமியாருக்கு வருஷம் முடிந்து, தீபாவளி கழித்துப் போகலாம் என்று உறுதியாகப் பேசி வைத்தோம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது உங்கள் இதயம் நின்று நின்று ஓடத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தீர்கள். இரண்டாம் நாள் மத்தியானம் கண் விழித்து என் கையைப் பிடித்தீர்கள். நான் குனிந்தேன். பார்க்க வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்டீர்கள். மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஏழு மாதம் ஆகியும் அது ஆறவில்லை. அந்தக் கோபத்தில்தான் போன மாதம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, இந்தத் தடவை தள்ளிவைக்க மாட்டேன் என்று சொல்லித் தேதி வாங்கினேன். இரண்டு பேருக்கு ஒரு கூடாரம். எனக்கும் ஷாமினிக்கும்.

ஏன் ஷாமினி என்று கேட்பீர்கள். உங்கள் பதினாறாம் நாளன்று குழாயடியில் உங்கள் இடத்தில் நின்றது அவள்தான். யாரும் சொல்லவில்லை. அவளாகவே சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நன்றாகப் படித்த பெண், காம்பாரில் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், கல்யாணமாகி நான்கே வருடம். அவள் தேய்த்த தேய்ப்பில் உங்களைப் பார்த்தேன். இவளும் இப்படியே இங்கே நின்றுவிடுவாளோ என்று எனக்குப் பகீரென்றது.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் குதித்தார். அண்ணி செத்து வருஷம் முடியவில்லை, மலை ஏறப் போகிறாயா, ஊர் என்ன சொல்லும் என்றார். அந்த விதி மலைக்கோயிலுக்குத்தான் என்று கோயில் ஐயரிடம் கேட்டு வந்து சொன்னேன். ஐயருக்கு என்ன தெரியும் என்றார். அப்படியானால் இதுவரை முப்பது காரியத்துக்கு ஏன் அவரையே கூப்பிட்டோம் என்று கேட்டேன். அண்ணன் சரி என்றால் தனக்கும் சரி என்று நழுவிக்கொண்டார்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை சுங்காய்க்குப் போனேன். காரில் போகும்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கேட்கக் கூடாது, சொல்ல வேண்டும். அத்தான் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார், அக்கா. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. நான் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை போகிறோம், ஷாமினியையும் கூட்டிப் போகிறேன், மலையில் ஒரு ராத்திரி, கடலோரம் ஒரு ராத்திரி, இது அக்கா போட்ட திட்டம் என்று. சண்டைக்கு ஆறேழு பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் திரும்பிச் சுவரில் உங்கள் படத்தைப் பார்த்தார்.

பிறகு, “நானும் வாரேன்லா,” என்றார். “அவ போவணும்னு ஆசப்பட்ட எடந்தானே. நானும் பாக்குறேன்.”

இதற்கு நான் தயாராக இல்லை. சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். உங்களை இழந்த மனுஷன், மெதுவாக, கெஞ்சுகிற குரலில் கேட்கிறார். வாங்க அத்தான் என்ற சொல் என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. இந்தக் குடும்பத்தில் யாரிடமும் நான் முடியாது என்று சொன்னதே கிடையாது. அவர் வந்தால் தம்பி வருவார். தம்பி வந்தால் பிள்ளைகள். ஒரு சின்ன அடுப்பும் ஒரு பானைச் சோறும் காரில் ஏறும். அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஷாமினி குழாயை மூடிவிட்டு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வேணாம் அத்தான்,” என்றேன். “நீங்க வந்தா நான் டீ கலக்கணும்.”

“நான் டீ கேக்க மாட்டேன்மா.”

“கேக்க மாட்டீங்க. நானே எந்திரிச்சுக் கலக்கிருவேன்.”

அவருக்கு அது எங்கே போய்த் தைத்ததோ தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். கோபம் இல்லை. முப்பத்தொரு வருடமாகத் தன் முன்னால் வந்து வைக்கப்பட்ட டம்ளர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் என் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அக்கா. நீங்கள் சொல்லாமல் விட்டு, நான் இவ்வளவு நாள் சுமந்துகொண்டு வந்தது வேணாம் என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் நான் சொன்னேன்.

கடைசியில் அத்தான் கேட்டார். “அவ இருந்திருந்தா, அவளும் இதத்தான் சொல்லிருப்பாளா?”

“சொல்லிருக்க மாட்டாங்க அத்தான்,” என்றேன். “உங்களையும் கூட்டிட்டுப் போயி, சமைச்சிப் போட்டுட்டு, கடலப் பாக்காம வந்திருப்பாங்க.”

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.