லோரி முந்தக் கூடாதாம்

அப்புக்குட்டி,

உன்னைச் சுகமா என்று கேட்க முடியவில்லை. ஜெஞ்சாரோம் வீட்டில் உன் படத்துக்குத் தங்கச்சி விளக்கேற்றுகிறாள். அம்மா நான் இன்னும் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில்தான் பரிமாறுகிறேன்.

இன்று இரண்டு லோரிக்காரர்கள் சாப்பிட வந்தார்கள். நெடுஞ்சாலையில் இனி லோரி எதையும் முந்தக் கூடாது என்று சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்களாம்.

"முன்னால ஒருத்தன் ஆமையா போனா?" என்றார் ஒருவர்.

"பின்னாலயே பாட்டு கேட்டுட்டு போ லா," என்றார் மற்றவர்.

ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டேன். "அவ்ளோ நீள லோரி, முழுசா முந்தியாச்சுன்னு எப்படித் தம்பி தெரியும்?"

"நாம முந்துன லோரிக்காரன் பின்னாலேருந்து லைட் அடிப்பான், ஆன்டி. அதப் பாத்துதான் இடது பக்கம் வருவோம்."

முன்பின் தெரியாதவன்கூட அடிப்பானாம். நீ லோரி ஓட்டிய காலத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை. முந்தும்போதுதானே நீ போய்விட்டாய். அன்றைக்கு உனக்கு யாராவது லைட் அடித்தார்களா, அப்பு?