விசாவுக்கு எடுத்த நெஞ்சுப் படம்

அந்த இரும்புத் துண்டு ஏன் அவ்விடத்தில் நின்றது? நேற்று யாழ்ப்பாணத்தில் மறுபடி எடுத்த எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி உன்னிடம் கேட்கிறேன். இதயத்தின் நிழலை ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைத் துண்டு. முப்பது வருடமாக எனக்குள் இருப்பதை இப்போதுதான் என் கண்ணால் பார்க்கிறேன்.

நியூசிலாந்தில் ஒரு பள்ளிக்கூடம் கணிதம் படிப்பிக்க என்னைக் கேட்டிருக்கிறது. ஐம்பதை நெருங்குகிற ஒருத்தியை இன்னொரு தரம் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் இதைக் கண்டதும் கொழும்பு வைத்தியர் என் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டார். இது அசையாது, ஆபத்தில்லை என்று சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் எழுதித் தரவேண்டும். நாளை அவரைப் பார்க்கப் போகிறேன். அவர் எழுதாவிட்டால் விசா இல்லை.

நீ உயிரோடு இருந்தால் சிரித்திருப்பாய், சிநேகிதி. நான் வெளிநாடு என்று வாயெடுத்தாலே, "எடியே, நீ எயாப்போட்டுக்குள்ளை கால் வைக்க மிசின் எல்லாம் கத்தும். உள்ளுக்கை இரும்பு. அதுதான் ஒருத்தருக்கும் வளையிறாயில்லை" என்பாய்.

போர் நடந்துகொண்டிருக்க, உயர்தரப் பரீட்சைக்கு நாம் ரியூசனுக்குப் போய்வந்த காலம். பீரங்கிச் செல் விழுந்து வெடித்தபோது ஒழுங்கை முகப்பில் நின்றோம்; அதன் துண்டொன்று என் நெஞ்சுக்குள் போனது. உன் அப்பாவின் பெரிய சைக்கிளில் உனக்குப் பெடல் சரியாக எட்டாது. அந்தப் பாரில் என்னை இருத்தி, உன் இரண்டு கைகளுக்கும் நடுவில் சாய்த்துக்கொண்டாய். சனமெல்லாம் எதிர்ப்பக்கமாக ஓட, நீ ஆஸ்பத்திரிப் பக்கம் மிதித்தாய். மாதாவைக் கூப்பிட்டபடி, இடையிடையே என்னிடம் கணக்கும் கேட்டாய்.

"கண்ணை மூடாதை! ஏழு பதின்மூண்டு எத்தினை?"

"தொண்ணூற்றொண்டு."

"பிழை! திரும்பச் சொல்லு!"

"சரியடி."

"பிழையெண்டுறன்!"

ஆஸ்பத்திரி வாசலிலும் நான் உன்னோடு வாதாடிக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னாய்: "எனக்கெங்கை விடை தெரியும்? சரியெண்டு சொன்னால் நீ நித்திரையாப் போவாய்."

துண்டை எடுக்கப் போனால் ஆபத்து என்று உள்ளேயே விட்டார்கள். மாதா கையால் பிடித்து நிறுத்தினா என்பது உன் கட்சி.

"மாதாவுக்கு வேறை வேலையில்லையோ?" என்று நான் கேட்பேன்.

"உனக்காக அண்டைக்கு லீவு எடுத்தவா."

வேகம், கோணம், தற்செயல் என்பது என் கட்சி. பல்கலைக்கழகம் போய்வந்த பிறகு அதை இன்னும் உரத்துச் சொன்னேன். இன்று இந்தப் படத்தின் முன்னால் என் விளக்கம் எனக்கே போதவில்லை. போன வருடம் உன்னைக் கொண்டுபோன கட்டியும் முதலில் இதைவிடப் பெரிதாய் இருந்திருக்காது. அதை நிறுத்த ஒருவராலும் முடியவில்லை.

நிபுணரைப் பார்த்து வந்துவிட்டேன்; அங்கே நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

நிபுணர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பிறகு என்னை ஸ்கானுக்கு அனுப்பினார். அது வந்ததும் கொம்பியூட்டரில் நெடுநேரம் பார்த்தார். பின்னால் நின்ற மருத்துவ மாணவர்களிடம், "பாருங்கோ, உடம்பு இதைச் சுத்தி உறை கட்டி வைச்சிருக்கு. இனி இது எங்கையும் போகாது" என்றார். என் பக்கம் திரும்பி, "ரீச்சர், நீங்கள்தான் போகலாம்" என்றார். எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்.

நான் எழும்பும்போது மாணவி ஒருத்தி கேட்டாள்: "அன்ரி, அப்ப உங்களை அம்புலன்சிலையோ கொண்டு வந்தவை?"

"இல்லை, பிள்ளை. சைக்கிளிலை."

பேனையை மூடிக்கொண்டிருந்த நிபுணர் நிமிர்ந்தார். "ஆர் மிதிச்சது?"

உன் முழுப்பெயரையும் சொன்னேன். உன் அப்பாவின் பெயரையும், குருநகரில் உங்கள் வீடிருந்த தெருவையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிட்டவந்து படத்தைப் பார்த்தார்கள்.