பிடி அரிசிப் பானை

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள், அப்பாவுக்கும் வேண்டாம். கார்மென்ட்ஸ் ஆலையில் நின்று நின்று வந்த கால்வலி குறைந்ததா? நான் நலம்.

மழை பொய்த்ததிலிருந்து இங்கே சின்னம்மா வீட்டுச் செலவைச் சுருக்கிவிட்டார். தேநீருக்குச் சீனி இல்லை, ஒரு கடி கருப்பட்டிதான். மாலைச் சமையல் என்னுடையது. அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து மூலைப் பானையில் போட வேண்டும். அறுவடை வரை அதுதான் எங்கள் சேமிப்பு. நான் போடவில்லை, அம்மா. உலையிலேயே போட்டுவிட்டேன். அப்போதுதான் என் தட்டிலும் இரண்டாவது அகப்பை விழும். பானைக்குள் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, மேலே மட்டும் அரிசியைப் பரப்பியிருக்கிறேன்.

இன்று சித்தப்பா எட்டிப் பார்த்து, "அடேயப்பா, இனி நாமளே கடை போடலாம்!" என்று சிரித்தார்.

"எல்லாம் நெத்மியோட கைராசி. போயா லீவு முடிஞ்சதும் கடை அரிசி வேணாம், பானையத் திறப்போம்" என்று என் தலையைத் தடவினார் சின்னம்மா. என்னால் தலை நிமிர முடியவில்லை.

பௌர்ணமிப் போயா லீவுக்கு வரும்போது பானையை நிரப்ப அரிசி கொண்டு வாருங்கள். ஒரு ஊக்கும் வேண்டும், பாவாடை இடுப்பில் நிற்பதில்லை. ஒரு நாள் கூடுதலாகத் தங்க முடியுமா?

கதவைத் தட்டுகிறார்கள். சின்னம்மாதான். "மகளே, தூங்கலியா? பசிக்குதா? என் சோத்துல உனக்குக் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன், வா" என்கிறார். அம்மா, நான்...