இரு முனையிலும் நைனாவின் கட்டு

பழவேற்காடு
9-11-1969

அன்புள்ள தம்பி,

நைனாவுக்கு நீ எழுதிய கடிதத்தை நான்தான் பிரித்தேன். இங்கிலீஷ்காரர்களின் 'காட்டமரான்' நம் கட்டுமரத்திலிருந்து போன சொல், அகராதியிலும் 'கட்டிய மரம்' என்றே போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவருக்குப் படித்துக்காட்ட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை நைனா இல்லாமல் மரம் மட்டும் கரை ஒதுங்கியது. உனக்குத் தந்தி கொடுக்கக் கை வரவில்லை.

கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயவைப்போம் அல்லவா? இது ஐந்து நாளாக அப்படியே கிடக்கிறது. அவிழ்க்கப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது அவுரு கட்னதுடா. அவுக்காதே."

ஹாஸ்டலில் சொல்லிவிட்டுப் புறப்பட்டு வா. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஒரு முனையை எப்போதும் நான்தான் கட்டுவேன். அன்றைக்கு அவர் எழுப்பியும் நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு முனையிலும் நைனாவின் கட்டுதான் இருக்கிறது.

உன் அண்ணன்